தங்கை பங்குக்கு ஒரு வண்டி ஃப்ரிட்ஜ்

அக்பர் பாஷாவுக்கு உட்காரத் தெரியாது. பதினேழு பேர் ஏறும் டெம்போ டிராவலரை மயிலாப்பூர் கச்சேரி ரோட்டின் குறுக்குச் சந்துக்குள் ஒரே ஒடிப்பில் திருப்பி நிறுத்துவார். விடியற்காலையில் கிளம்பிக் கொடைக்கானல் போய் இறக்கிவிட்டு, உடம்பில் ஒரு சோர்வும் இல்லாமல் அங்கேயே வண்டியைக் கழுவ ஆரம்பிப்பார். ஆனால் ஒரு டம்ளர் டீயை உட்கார்ந்த இடத்தில் குடித்து முடிக்கச் சொன்னால் அவரால் ஆகாது. பாதியில் எழுந்துவிடுவார். மீதியை மனைவி ஜைதூன் பீ குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு குடிக்கும். ஐம்பத்து நான்கு வயதாகியும் காலில் கட்டிய சக்கரம் கழலவில்லை. டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஒரு தகுதி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் அதைத் தகுதியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் பக்ரீத் கத்திரி வெயிலின் கடைசி வாரத்தில் வந்து விழுந்தது. பெருநாளுக்கு இருபது நாள் இருக்கும்போது பாஷாவுக்கு ஒரு வெறி பிடித்தது. வண்டியில் வைக்கிற ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் அல்ல. சூட்கேஸ் மாதிரிக் கைப்பிடி வைத்தது, வண்டி பேட்டரியில் ஓடுவது, மலையில் கூடாரம் போடப் போகிறவர்கள் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்தப் பெட்டி. சவாரிக்கு வருகிறவர்கள் ஜில்லென்று தண்ணீர் கேட்கிறார்கள், கைக்குழந்தைக்கு எடுத்துவரும் பால் திரிந்துபோகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காரணம் சொன்னார். பொய் இல்லை. ஆனால் நிஜமான காரணம் கிருஷ்ணகிரியில் குடியிருந்தது. அவருடைய ஒரே தங்கை உம்மே ஹானி.

பாஷாவின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. குர்பானிக் கறியை எல்லோரையும் போல மூன்று பங்கு வைப்பார்கள். வீட்டுக்கு ஒன்று, சொந்தபந்தத்துக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. அந்தச் சொந்தபந்தப் பங்கில் ஆட்டின் முன்சந்து, அதாவது முன்னங்கால், முழுசாக, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் போக வேண்டும். யார் கையிலும் கொடுத்தனுப்பக் கூடாது. கூடப் பிறந்தவனே எடுத்துப்போய், அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் அவள் கையில் கொடுக்க வேண்டும். இப்படி எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். கிதாபில் இல்லாவிட்டால் என்ன, அந்த வீட்டில் அப்படித்தான். வாழப் போன இடத்தில் பெண்ணுக்கு ஒரு கெத்து வேண்டாமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சந்துதான் கெட்டுப்போனது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, அதற்குள் கறியை வைத்து எடுத்துப்போனார். ஸ்ரீபெரும்புதூரில் வண்டிகள் நகரவில்லை, வாலாஜா தாண்டி டயர் வெடித்தது, ஐந்து மணி நேரப் பாதை ஒன்பது மணி நேரம் பிடித்தது. கிருஷ்ணகிரியில் பெட்டியைத் திறந்தபோது வாடை தெருவாசல் வரைக்கும் வந்தது. ஹானியின் மாமியார் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, கொல்லையில் குழி வெட்டிப் புதைத்துவிடச் சொன்னார். ஹானியின் புருஷன் காஷிஃப் மண்வெட்டியை எடுத்தார். பாஷாவின் கண்ணெதிரே கறியை மண்ணில் போட்டு மூடினார்கள். ஹானி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் பேசியதைப் பாஷா மறந்திருப்பார். தங்கை பேசாமல் நின்றதை அவரால் மறக்க முடியவில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார். அதற்குப் பிறகு இரண்டு பக்ரீத் வந்து போயிற்று. அவர் கிருஷ்ணகிரிக்குப் போகவில்லை. ஹானி போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளும் செய்வதை நிறுத்திவிட்டாள். ஜைதூன் பீயும் ஹானியும் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் பேசிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பாஷா எதற்காகவோ மாடிக்குப் போய்விடுவார்.

ரோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் அவருக்கு அவள் ஞாபகம் தாங்கவில்லை என்பதே உண்மை. பங்கு போகாத அந்த இரண்டு பெருநாளும் பிரியாணி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இந்த வருஷம் எப்படியாவது முன்சந்தைப் புத்தம்புதுசாகக் கொண்டுபோய் அவள் கையில் வைத்துவிட வேண்டும், அதோடு அந்தக் குழி மூடிவிடும் என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு. முன்பு கெடுத்தது ஐஸ், டயர், ஸ்ரீபெரும்புதூர். ஃப்ரிட்ஜ் இருந்தால் மூன்றையும் ஜெயித்துவிடலாம்.

“மொதல்ல அவளுக்கு ஒரு போன் போடுங்க. ஃப்ரிட்ஜெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் ஜைதூன் பீ.

“கைல குடுத்துட்டு அப்பால பேசறேன். வெறுங்கைய வெச்சிக்கினு இன்னாத்த பேசறது?”

இந்த ஃப்ரிட்ஜ் பைத்தியத்தை அவருக்கு ஏற்றிவிட்டது ரெனிட்டா. சாந்தோம் தேவாலயத்தைச் சேர்ந்த குடும்பத்துப் பெண், கல்யாணமாகி அடையாறில் இருக்கிறாள், கல்லூரியில் வேலை. மே முதல் வாரத்தில் அவளும் கணவனும் நான்கு நண்பர்களோடு ஏலகிரியில் கூடாரம் போடப் போனார்கள், வண்டி பாஷாவுடையது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர்கள் ஒரு பெட்டியைத் திறந்து பட்டினப்பாக்கத்தில் வாங்கிவந்த வஞ்சிரத்தை வெளியே எடுத்தார்கள். பாஷா பக்கத்தில் போய் மோந்து பார்த்தார். அன்றைக்குத்தான் கரைக்கு வந்த மீன் மாதிரி இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவருக்குத் தூக்கம் போனது.

சென்னை திரும்பியதும் ஒருநாள் அடையாறுக்கே போய் அவள் வீட்டு மணியை அடித்தார். ரெனிட்டா பெட்டியைத் தரையில் வைத்துப் பொறுமையாக விளக்கினாள். இதில் இரண்டு ஜாதி இருக்கிறது, விலை குறைவானது ஒன்று, அதை வாங்காதீர்கள். கம்ப்ரசர் வைத்ததைத்தான் வாங்க வேண்டும். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியைக் குடித்துவிடாமல் தானே நின்றுகொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் காற்று போக இடம் விட வேண்டும். பாஷா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கால் வாசற்படியில் இருந்தது. அவள், “இன்னொண்ணு அண்ணா, உள்ள வைக்கிறதை எல்லாம் முதல் நாளே…” என்று ஆரம்பித்தபோது லிஃப்ட் வந்துவிட்டது. லிஃப்ட் வந்த பிறகு நிற்கிற மனுஷனா அவர்?

முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. வண்டிச் சாமானுக்குப் பெயர்போன தெரு. அங்கே ஒரு கடையில் அழகான சின்னப் பெட்டியைக் காட்டினார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் குளிரும், இன்னொன்றைத் தட்டினால் சூடாகும். எவ்வளவு குளிரும் என்று கேட்டார். வெளியில் இருப்பதைவிட இருபது டிகிரி குறையும் என்றான் கடைக்காரன். பாஷா விரலை மடக்கினார்.

“நாப்பத்தி ரெண்டுல இருபது போனா இருபத்தி ரெண்டு. இது ஃப்ரிட்ஜு இல்ல நைனா, மரத்து நெழலு” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அடுத்தது தி.நகரில், பனகல் பூங்கா பக்கம், கண்ணாடி மாளிகை போன்ற கடை. அங்கே இரண்டு அறை வைத்த அறுபது லிட்டர் பெட்டி. ஒரு பக்கம் ஐஸ்கிரீம், ஒரு பக்கம் பழம். போனிலிருந்தே குளிரைக் கூட்டலாம், குறைக்கலாம். டை கட்டிய பையன் நாற்காலி போட்டு, ஜூஸ் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். பாஷா மூன்று முறை எழுந்து, மூன்று முறை உட்கார வைக்கப்பட்டார். கடைசியில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. கிருஷ்ணகிரியில் ஹானி வீட்டுப் படி ஏறும்போது இதைத் தலையில் சுமக்க ஆள் வைக்க வேண்டும். வேண்டாம் என்றார்.

அப்படியே ஒரு வாரம் அலைந்தார். சவாரி இல்லாத நேரமெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கினார். பதினெட்டு லிட்டரில் முன்சந்தை மடக்கினாலும் அடங்காது. இருபத்தாறில் அடங்கும், ஆனால் மூடி மூடாது. இதையெல்லாம் அவர் கண்ணளவாகப் பார்க்கவில்லை. முன்சந்தின் நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக் கையிலேயே வைத்திருந்தார். கடைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறந்து குச்சியை உள்ளே விடுவார். கடைக்காரர்கள் இவர் ஏதோ மந்திரம் பண்ண வந்தவர் என்று பயந்துபோனார்கள். ஜைதூன் பீயோ, இத்தனை அலைச்சலுக்கு நடந்தே கிருஷ்ணகிரி போய்வந்திருக்கலாம் என்றார்.

தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள், எல்லோரும் சேட்டு என்று கூப்பிடுகிற ஒருவர் வண்டிகளுக்கு ஏ.சி. வேலை பார்க்கிற பட்டறை வைத்திருந்தார். அங்கேதான் குச்சி சரியாக உட்கார்ந்தது. முப்பத்தைந்து லிட்டர், கம்ப்ரசர், ஒரு ஆள் தூக்கலாம், மூடியில் சின்னத் திரை, அதில் எத்தனை டிகிரி என்று சிவப்பு எழுத்தில் தெரியும். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் சாவியை எடுத்ததும் கரண்ட் நின்றுவிடும் என்று சொல்லி, சேட்டு பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, நடுவில் ஃப்யூஸ் வைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது அதன் சின்னப் புத்தகத்தையும் நீட்டி, இதை ஒருதரம் படித்துவிடுங்கள் பாய் என்றார். வீட்டுக்குப் போகிற வழியிலேயே டிராவலரின் இடதுபக்க ஜன்னல் கண்ணாடி லொடலொடவென்று ஆடியது. பாஷா புத்தகத்தை நான்காக மடித்து அந்த இடுக்கில் சொருகினார். சத்தம் நின்றது. அந்த அளவில் புத்தகம் நல்ல புத்தகம்தான்.

பிறகு பரீட்சை. ஒரு டஜன் குல்ஃபியை உள்ளே வைத்து அடையாறு பாலம் ஏறி, பெசன்ட் நகரின் வேகத்தடைகளில் எல்லாம் வேண்டுமென்றே குதிக்கவிட்டு, திருவான்மியூர் போய்த் திரும்பினார். குல்ஃபி கல் மாதிரி இருந்தது. அடுத்த நாள் சாந்தோம் லூப் ரோட்டில், நடு மத்தியானம், வெயிலில் வண்டியை அணைத்து நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார். பெட்டிக்குள் வைத்த ஐஸ் உருகவே இல்லை. வண்டியும் ஒரே சாவியில் கிளம்பியது. பாஷா ஸ்டீரிங்கில் தட்டிக்கொண்டு சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து, பக்கத்து சீட்டில் இருந்த மனைவி பார்த்ததில்லை. அதனால், போன் போடுங்கள் என்று மறுபடியும் சொல்ல வந்ததை அன்று ஜைதூன் பீ விழுங்கிவிட்டார்.

பெருநாள் வந்தது. கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து மூன்று முறை தழுவிக்கொள்கிற அந்த நேரத்தில்கூடப் பாஷாவின் கண் வண்டியின் மேலேயே இருந்தது. பக்கத்து வரிசையில் நின்றவர் தழுவ வந்தபோது இவர் ஒரு தோளோடு நிறுத்திக்கொண்டு செருப்பைத் தேடப் போய்விட்டார். ராத்திரியே பெட்டியை ஓடவிட்டிருந்தார். திரையில் ஒரு டிகிரி.

ஜாம்பஜார் பக்கம் அஃப்தாபின் கறிக்கடை. முப்பத்தைந்து வயது, தகப்பனுக்குப் பிறகு கடையை எடுத்து நடத்துகிறவன். ஒவ்வொரு வருஷமும் பாஷாவின் ஆட்டை அவன்தான் பார்த்துக்கொள்வான். அன்று கடைக்குப் பின்னால் முற்றம் முழுக்கக் கூட்டம். பாஷாவின் முறை வர பத்தரை ஆகிவிட்டது. துண்டு போடப் போட அவர் பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்தினார். பங்கு பிரித்து, வீட்டுப் பங்கையும் இல்லாதவர்களின் பங்கையும் கூட வந்திருந்த அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்தார். முன்சந்தை எடுத்தபோது அது அவர் கையில் கதகதவென்று இருந்தது. உயிரோடிருந்த சூடு இன்னும் போகவில்லை. அதைப் பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டினார். பெட்டியில் இடம் மிச்சம் இருந்தது. ஹானிக்கு நெஞ்செலும்பு சூப் பிடிக்கும் என்று அதையும் கட்டினார். கூடவே ஒரு தொடை, ஈரலில் பாதி. எல்லாவற்றையும் திணித்து மூடியை அழுத்தி, மேலே உட்கார்ந்து பூட்டினார்.

“பாய், கொஞ்சம் ஆறட்டும்” என்று அஃப்தாப் கத்தியை உயர்த்தியபடியே கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தான்.

தன் அவசரத்தைத்தான் ஆறவிடச் சொல்கிறான் என்று பாஷா எடுத்துக்கொண்டார். ஊரே அவரிடம் எப்போதும் சொல்கிற வார்த்தை அது. கையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். ஜைதூன் பீ முன்சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தார். மணி பதினொன்று. நான்கரைக்குக் கிருஷ்ணகிரி, பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும்.

அண்ணா சாலையில் கூட்டமில்லை. தேனாம்பேட்டை சிக்னலில் திரும்பிப் பார்த்தார். திரையில் பதினொன்று என்று காட்டியது. மூடியைத் திறந்ததால் ஏறியிருக்கும், இறங்கிவிடும் என்று மனைவியிடம் சொன்னார். சைதாப்பேட்டையில் பத்தொன்பது. பெட்டி மூச்சுவாங்கிக்கொண்டு ஓடுகிற சத்தம் முன்சீட்டு வரைக்கும் கேட்டது. குளிரை இன்னும் கீழே, மைனஸ் பதினெட்டுக்குத் தள்ளினார். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது இருபத்தாறு. வாலாஜா தாண்டி டயர் வெடித்தது பாஷாவுக்கு ஞாபகம் வந்தது.

பாலத்தை இறங்கி ஓரம்கட்டினார். சேட்டுவைத் திட்டினார், பெட்டி செய்த கம்பெனியைத் திட்டினார், ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், ஃப்யூஸைக் கழற்றி மாட்டினார். இப்படியே விரட்டினால் நாலு மணிக்குள் போய்விடலாம், அதற்குள் கெடாது என்று திரும்ப ஏறி சாவியைப் போட்டார். ஜைதூன் பீ இடதுபக்கக் கண்ணாடி இடுக்கிலிருந்து அந்தப் புத்தகத்தை உருவினார். கண்ணாடி லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. பத்தாவது வரைக்கும் படித்தவர். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, மெதுவாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

“உள்ள வைக்கிறது எல்லாமே மொதல்லயே சில்லுனு ஆயிருக்கணும்னு போட்டிருக்கு. சூடா எதையும் வைக்கக் கூடாதாம்.”

பாஷா சாவியிலிருந்து கையை எடுத்தார். பெட்டியைத் திறந்தார். பாலிதீன் பை உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. தொட்டார். குல்ஃபியைக் கல்லாக வைத்திருந்த அந்தப் பெட்டிக்குள் கறி இன்னும் கதகதவென்றே இருந்தது.

திரும்ப ஜாம்பஜார் போகிற வழியில் அவர் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. முற்றத்தில் கூட்டம் குறைந்திருந்தது. அஃப்தாப் பைகளை வாங்கி வாயை அவிழ்த்து மோந்து பார்த்தான். இன்னும் ஒன்றும் ஆகவில்லை, நல்ல நேரத்துக்கு வந்தீர்கள் என்றான். முன்சந்தைக் கொக்கியில் மாட்டி ஃபேனைப் போட்டான். தொடையையும் நெஞ்செலும்பையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினான்.

“அறுத்த கறிக்குள்ள ஒரு சூடு கீது பாய். அது வெளிய போவணும். போறதுக்குள்ள இறுக்கி மூடினா உள்ளயே வெந்து அழுகிடும், சுத்தி நீ எம்மா ஐஸு வெச்சாலும். இந்தப் பொட்டி இருக்கற சில்லிப்பதான் காபந்து பண்ணும், சூட்ட வெரட்டாது. கொஞ்சம் ஆறட்டும், அப்பால என் ஃப்ரீசர்ல தனித்தனியா வெக்கறேன். நாளைக்குக் காலைல எடுத்துக்கினு போ, டெல்லி வரைக்கும் போலாம்.”

பாஷாவின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்தது. சுத்தி நீ எம்மா ஐஸு வெச்சாலும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே முற்றத்தில் இதே போலத்தான் நின்றார். அன்றைக்கும் அவசரம். அன்றைக்கும் சூட்டோடு எடுத்து, இறுகக் கட்டி, ஐஸுக்கு நடுவில் வைத்து மூடினார். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், டயர் வெடிப்பதற்கு முன்னால், ஊரைத் தாண்டுவதற்கு முன்னாலேயே அந்தக் கறி கெட ஆரம்பித்திருக்கிறது. இவர் கையால்தான் கெட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் கெட்டுப்போனதைப் புதைத்தார்கள், வேறென்ன செய்வார்கள்? அவமானப்படுத்திவிட்டார்கள் என்று மூன்று வருஷம் தங்கையோடு பேசாமல் இருந்தது அவர்.

மணி ஒன்று. இனி இன்றைக்குப் போக முடியாது. வழக்கம் தெரிந்தவள் ஹானி; இந்த வருஷமும் இவர் வரமாட்டார் என்றே நினைத்திருப்பாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டுமானால் இப்போது சொல்ல வேண்டும், அதுவும் வெறுங்கையோடு. ஜைதூன் பீ தன் போனில் எண்ணைப் போட்டு நீட்டினார். பாஷா அதை வாங்காமல், தன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

ஒரே ரிங்கில் எடுத்தாள். அந்தப் பக்கம் பெருநாள் வீட்டின் பாத்திரச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கதவு மூடுகிற சத்தம், பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணனும் தங்கையும் உருதுவில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவர்கள். அன்று பாஷா நேராகத் தமிழுக்கே வந்துவிட்டார்.

“ஹானி, இன்னிக்கு வரலாம்னு கெளம்பினேன். கறிய சூட்டோட மூடிட்டேன். ஆறணுமாம். நாளைக்குத்தான் வர முடியும்.” கொக்கியில் தொங்கிய முன்சந்தைப் பார்த்தார். “அன்னிக்கும் அப்டித்தான் மூடியிருக்கேன். டயரு மேல தப்பில்ல. உங்க வூட்டு ஜனம் மேலயும் தப்பில்ல. என் அவசரம்தான்.”

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

“பாய்ஜான், அன்னிக்கு கறியப் பொதைக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டு எடுத்து வெச்சிக்கினேன்” என்றாள் ஹானி. “நீ கெளம்பிப் போனப்புறம் மஞ்சப்பொடி போட்டு ஏழு தண்ணி கழுவி சமைச்சேன். யாருக்கும் குடுக்கல. நான் மட்டும் தின்னேன்.”

“கெட்டுப் போனத ஏம்மா தின்ன?”

“நம்ம வூட்டுப் பங்காச்சே.”

பாஷா பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வாந்தி நிற்காமல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள் என்று அவள் சொன்னாள். எதைத் தின்றாய் என்று மாமியார் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லையாம். காஷிஃபுக்குக்கூட இன்றுவரை தெரியாது. அண்ணனிடம் மட்டும் சொல்லிச் சிரிக்கலாம் என்று படுக்கையிலிருந்தே எத்தனையோ தடவை போன் போட்டாளாம். இவர் எடுக்கவில்லை.

பாஷா அழுதார். கறிக்கடை முற்றத்தில், பெருநாள் சட்டையோடு, ஐம்பத்து நான்கு வயதில், போனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். அந்தப் பக்கம் அவளும் அழுதிருக்க வேண்டும். கடைசியில் அவள்தான், நெஞ்செலும்பு எடுத்து வைத்தாயா என்று கேட்டாள். வைத்திருக்கிறேன் என்றார். அவசரப்படாமல் மெதுவாக வா, நான் எங்கே போகப்போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் முக்காலியைக் கொக்கிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஃபேன் காற்றில் சந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஜைதூன் பீ வீட்டுக்குப் போய், வந்திருந்த விருந்தாளிகளைக் கவனித்துவிட்டு, ஒரு தூக்கில் பிரியாணியோடு திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில்தான் இருந்தார். பிரியாணியை மடியில் வைத்து, கொக்கியைப் பார்த்துக்கொண்டே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

மூன்றேகாலுக்கு அஃப்தாப் கையைக் கழுவிக்கொண்டு வந்து முன்சந்தைத் தொட்டுப் பார்த்தான். சூடு போய்விட்டது, ஃப்ரீசரில் வைத்துவிடலாமா என்று கேட்டான். பாஷா எழுந்து, உள்ளங்கையை விரித்து, மேலேயும் கீழேயும், மூட்டுக்கு உள்பக்கமும் வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

“இல்ல நைனா” என்றார். “இன்னும் கொஞ்சம் ஆறட்டும்.”